பாஸூன் வாசித்த கடைக்காரர் மகன்

பாஸூன் என்னும் வாத்தியத்தை நம்மில் பலர் படத்தில்கூடக் கண்டிருக்கமாட்டோம். மேனாட்டு இசைக்குழு ஒன்றில் வயலின்காரர்கள் முன்வரிசையில் எடுப்பாகத் தெரிவார்கள். எக்காளங்கள் பின்னாலிருந்து முழங்கும். நடுவே, புல்லாங்குழல்காரர்களுக்கும் பின்னால், நீண்ட மரக்குழல் ஒன்றைச் சாய்த்துப் பிடித்தபடி இரண்டு பேர் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பதுதான் பாஸூன். ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழல் அது. நேராக வைத்தால் யாராலும் பிடிக்க முடியாது என்பதால் நடுவில் மடித்துச் செய்திருப்பார்கள். நம் நாகசுரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படியே இதற்கும் நாணலால் செய்த இரட்டை நாக்கு ஒன்று உண்டு. குரல் மிகத் தாழ்ந்தது. யாரோ தாத்தா முணுமுணுப்பதுபோல் இருக்கிறது என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் மற்றக் குழல்களெல்லாம் மேலே பறந்து திரியும்போது கீழே நின்று அவற்றைத் தாங்குவது இதுவே.

இந்த வாத்தியத்தை ஊதிக்கொண்டு, ஒரு கடையின் பின்புறக் கொட்டகையில், தம்பி ஒருவரோடும் நண்பர் மூவரோடும் ஞாயிறுதோறும் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர், பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளராகப் போற்றப்பட்டார். அவர்தாம் சர் எட்வர்ட் எல்கார். அவருடைய பெரும்புகழைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் அந்தக் கொட்டகையைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அவர் பயின்ற இசைக்கல்லூரி அது ஒன்றுதான்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் செவர்ன் ஆற்றங்கரையில் உள்ளது ஊஸ்டர் நகரம். அதற்கு அருகே பிராட்ஹீத் என்னும் சிற்றூரில் 1857ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் எட்வர்ட் பிறந்தார். ஏழு குழந்தைகளில் நான்காமவர். தந்தை வில்லியம் எல்கார் பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர். செல்வர் வீடுகளுக்குப் போய் வேலை செய்வார். ஊஸ்டர் நகரின் கடைவீதியில் இசைப் புத்தகங்களும் வாத்தியங்களும் விற்கும் கடையும் வைத்திருந்தார். குடும்பம் அந்தக் கடையின் மாடியில் வாழ்ந்தது. தாய் ஆன் விவசாயக் கூலியின் மகள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. ஆனாலும் புத்தகம் கையில் இல்லாமல் அவரைப் பார்ப்பது அரிது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் ஊட்டினார்.

தந்தை ஊஸ்டர் புனித ஜார்ஜ் கத்தோலிக்க ஆலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். அது அவருக்கு ஒரு வேலை, அவ்வளவே. அவரோடு ஆலயத்துக்குப் போய்வந்த தாய்தான் 1852இல் மனந்திரும்பித் திருச்சபையில் சேர்ந்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் கத்தோலிக்கர்களாகவே வளர்ந்தார்கள். அந்நாளைய இங்கிலாந்தில் கத்தோலிக்கராயிருப்பது எளிய காரியமன்று. சட்டப்படி இருந்த தடைகளில் பெரும்பாலானவை 1829இல் நீங்கிவிட்டாலும் மனத்தடைகள் நீங்கவில்லை. கடைக்காரர் மகன் என்பது ஒரு குறை, கத்தோலிக்கர் என்பது மறு குறை என்ற எண்ணம் எட்வர்டின் நெஞ்சில் சிறு வயதிலேயே தைத்து, கடைசிவரை எடுபடாத முள்ளாக இருந்தது.

சிறுவனாயிருந்தபோது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், காற்றில் அசையும் நாணல்களின் ஓசையை எழுதிவிட முயன்றதுண்டு என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். கடையிலிருந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்து முயன்று பார்ப்பார். தந்தைக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆர்கன் கற்றார். உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். ஜெர்மனியில் லைப்சிக் நகர இசைக்கல்லூரிக்குப் போகவேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. அதற்காக ஜெர்மன் மொழியைக்கூடப் படிக்கத் தொடங்கினார். ஆனால் வீட்டில் பணம் இல்லை. 15 வயதில் பள்ளியை விட்டு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஓராண்டு போல் அந்த வேலையில் இருந்துவிட்டு, இனி இசைதான் என்று வெளியே வந்துவிட்டார்.

துணிச்சல் சரி, கற்பது யாரிடம்? கடையில் விற்பனைக்கு வந்த இலக்கண நூல்களே ஆசிரியர்கள். ஓசை இயைபு பற்றிய பழைய நூல்களைத் தூசி தட்டி எடுத்துத் தனியே படித்தார். 1878இல் இன்னொரு வழியும் கண்டார். மோஸார்ட் எழுதிய ‘ஜி மைனர்’ சிம்பொனியை எதிரில் வைத்துக்கொண்டு, அதே அளவு, அதே வாத்தியங்கள், சுருதி மாறுகிற அதே இடங்கள் என்று அடிக்கு அடி பின்பற்றி, ராகம் மட்டும் தம்முடையதாக ஒரு பகுதியை எழுதிப் பார்த்தார். நல்ல கையெழுத்துப் பிரதியின் மேல் மெல்லிய தாளை வைத்து எழுதிப் பழகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்றதே இதுவும்.

அதே 1878ஆம் ஆண்டையொட்டித்தான் கொட்டகைக் கச்சேரிகள் தொடங்கின. கடைக்குப் பின்னால் வாத்தியங்கள் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. ஞாயிறு பிற்பகல்களில் ஐந்து இளைஞர்கள் அங்கே கூடினார்கள். ஹியூபர்ட் லெஸ்டரும் பிராங்க் எக்ஸ்டனும் புல்லாங்குழல். எட்வர்டின் தம்பி பிராங்க் ஓபோ. ஹியூபர்ட்டின் சகோதரர் வில்லியம் கிளாரினெட். கீழ்ச்சுருதிக்கு ஆள் இல்லை. எட்வர்ட் பாஸூனை எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு சங்கடம் எழுந்தது. ஐந்து காற்று வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசை அந்நாளில் நிறையவே அச்சில் இருந்தது. ஆனால் அதெல்லாம் ஒரு புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், கொம்பு, பாஸூன் என்ற சேர்க்கைக்கு எழுதப்பட்டது. இவர்களிடம் கொம்பு இல்லை, புல்லாங்குழலோ இரண்டு. இந்த விசித்திரச் சேர்க்கைக்குக் கடையில் தேடினாலும் புத்தகம் கிடைக்காது. ஆகவே எட்வர்டே எழுதவேண்டியதாயிற்று. வாரத்தில் எழுதியதை ஞாயிறன்று நண்பர்கள் வாசித்துவிடுவார்கள். எது நன்றாக ஒலிக்கிறது, எது மூச்சுக்கு இடங்கொடாமல் திணறவைக்கிறது, எந்தச் சுரத்தில் ஓபோ கத்துகிறது, எங்கே பாஸூன் காணாமற் போகிறது என்பதெல்லாம் உடனுக்குடன் காதுக்குத் தெரிந்துவிடும். லைப்சிக் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்புக் கிடைத்திருக்கும்?

அந்தக் கொட்டகை நோட்டுகளில் நகைச்சுவைக்கும் பஞ்சமில்லை. மெதுவான, இனிமையான ஒரு துண்டுக்கு அவர் இட்ட பெயர் ‘வின்ஸ்லோ அம்மையாரின் சாந்த மருந்து’. அழுகிற குழந்தைகளைத் தூங்கவைப்பதற்கென்று அந்நாளில் விளம்பரம் செய்து விற்கப்பட்ட மருந்தின் பெயர் அது! தம் இசையைக் கேட்பவர் தூங்கிவிடுவார் என்று தம்மையே கேலி செய்துகொண்டாரோ, என்னவோ.

பாஸூன்காரர் எப்போதும் கீழேயிருந்தே இசையைக் கேட்கிறார். மேலே ராகம் எங்கே திரும்புகிறது, நடுக்குரல்கள் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்து அதற்கேற்பத் தாங்கவேண்டும். பிற்காலத்தில் எல்காரின் இசைக்குழுப் படைப்புகளில் நடுவிலும் அடியிலும் உள்ள வாத்தியங்களுக்குக்கூடச் சலிப்பூட்டும் வரி இல்லை என்று வாசிப்பவர்கள் மெச்சுவார்கள். எங்கே கற்றார் என்று கேட்டால் நாம் அந்தக் கொட்டகையையே காட்டுவோம்.

பிழைப்புக்கு அவர் செய்த வேலைகளைக் கேட்டால் மலைப்பாயிருக்கும். வயலின் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊர்க் குழுக்களில் வாசித்தார். ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். 1879 முதல் 1884 வரை ஊஸ்டருக்கு அருகிலிருந்த பாவிக் மனநல மருத்துவமனையின் வாத்தியக் குழுவுக்குத் தலைவராயிருந்தார். மனநோயாளிகளைப் பூட்டிவைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், இசையும் நடனமும் அவர்களுக்கு ஆறுதல் தரும் என்று நம்பிய மருத்துவமனை அது. அங்குள்ள ஊழியர்களே வாத்தியக்காரர்கள். புல்லாங்குழல், கிளாரினெட், இரண்டு கார்னெட், சில வயலின்கள், ஒரு பியானோ என்று கையில் கிடைத்ததைக் கொண்ட குழு. வாரந்தோறும் சென்று பயிற்சி தந்து, நோயாளிகள் ஆடுவதற்கான நடன இசையையும் எழுதிக் கொடுத்தார். சம்பளம் ஆண்டுக்கு 30 பவுன் அளவுதான். மறுபடியும் அதே பாடம்: இருக்கும் ஆட்களுக்கு ஏற்ப எழுது.

1884இல் ஊஸ்டர் பேராலயத்தில் நடந்த இசைவிழாவுக்குப் பொகீமியாவிலிருந்து துவோர்ஷாக் வந்து தம் படைப்புகளைத் தாமே நடத்தினார். அந்தக் குழுவில் வயலின் வாசித்தவர்களில் எல்காரும் ஒருவர். எளிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் பேராலயத்தையே தம் இசையால் நிரப்புவதை அருகிலிருந்து பார்த்தார்.

1886இல் கரோலின் ஆலிஸ் ராபர்ட்ஸ் என்ற சீமாட்டி அவரிடம் பாடம் கற்க வந்தார். நமக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு: ஆலிஸ் பிறந்தது நம் நாட்டில், குஜராத்தின் பூஜ் நகரில், 1848ஆம் ஆண்டில். தந்தை இந்தியாவில் பணியாற்றிய படைத்தலைவர். ஆலிஸ் நன்கு படித்தவர். கவிதையும் நாவலும் எழுதி வெளியிட்டிருந்தார். ஆசிரியரைவிட எட்டு வயதுக்கு மேல் மூத்தவர். படைத்தலைவர் மகள் ஒரு கடைக்காரர் மகனை, அதுவும் ஒரு கத்தோலிக்கரை மணப்பதா என்று உறவினர் கொதித்தெழுந்தனர். அத்தை ஒருவர் தம் உயிலிலிருந்தே அவர் பெயரை நீக்கிவிட்டார். ஆலிஸ் அசையவில்லை. 1889 மே 8ஆம் நாள் லண்டன் பிராம்ப்டன் ஆரட்டரி ஆலயத்தில் திருமணம் நடந்தது. பின்னர் ஆலிஸும் திருச்சபையில் சேர்ந்தார்.

லண்டனில் வாழ்ந்து பெயர் வாங்கலாம் என்று போனார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே மகள் பிறந்தாள். கரோலின், ஆலிஸ் என்னும் தாயின் இரு பெயர்களையும் சேர்த்துக் கேரிஸ் என்று பெயரிட்டனர். 1891இல் மனம் சோர்ந்து ஊஸ்டருக்கு அருகே உள்ள மால்வெர்ன் மலையடிவாரத்துக்குத் திரும்பினார்கள். அங்கும் பாடம் சொல்லிக்கொடுப்பதே தொழில். மால்வெர்னில் பெண்கள் பள்ளி ஒன்றில் எல்கார் வயலின் ஆசிரியராயிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம், நம் ஆசிரியைகள் மன்னிப்பார்களாக. எல்காருக்குக் கற்பிப்பது அறவே பிடிக்காது. செக்கில் கட்டிய மாடுபோல் சுற்றுகிறோம் என்றே நினைத்தார். பொறுமையும் குறைவு. நன்றாக வாசிக்கும் மாணவியிடம் அன்பாயிருப்பார். மற்றவர்களிடம் முகம் கறுத்துவிடும். இதை மறைத்து எழுதினால் அவர் வாழ்க்கை விளங்காது. வாரம் முழுவதும் பிறர் பிள்ளைகள் அபசுரமாக இழுப்பதைக் கேட்டுவிட்டு, இரவில் வீடு திரும்பித் தம் காதில் ஒலிப்பதை எழுத முயன்ற மனிதர் அவர். அச்சிட்ட இசைத்தாள் வாங்குவது செலவு என்பதால், ஐந்து முனைப் பேனா ஒன்றால் வெற்றுத்தாளில் ஐங்கோடுகளை ஆலிஸ் வரைந்து கொடுப்பார். பக்கம் பக்கமாக, ஆண்டுக்கணக்காக அப்படி வரைந்தார். தம் சொந்த எழுத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

1898 அக்டோபரில் ஒரு மாலை, பாடம் நடத்திக் களைத்து வந்த எல்கார் பியானோவின் முன் அமர்ந்து மனம்போன போக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். ஆலிஸ் இடைமறித்து, அது என்ன, நன்றாயிருக்கிறதே என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றவர், அதே ராகத்தை இன்ன நண்பர் வாசித்தால் இப்படியிருக்கும், இன்னவர் பேசினால் இப்படியிருக்கும் என்று விளையாட்டாக மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். அந்த விளையாட்டுத்தான் ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ என்னும் பெரும்படைப்பு ஆயிற்று. 1899 ஜூன் 19ஆம் நாள் லண்டனில் ஹான்ஸ் ரிக்டர் அதை நடத்தினார். 42 வயதில், ஒரே மாலையில், எல்கார் நாடறிந்தவரானார்.

அதில் மொத்தம் 14 சித்திரங்கள். முதலாவது ஆலிஸ், கடைசி அவரேதான். ஆறாவது ‘யசபெல்’. அவர் வயோலா கற்றுவந்த மாணவி. கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு தந்தியிலிருந்து அடுத்ததைத் தாண்டி வேறொன்றுக்கு வில்லைக் கொண்டுபோவது கடினம். அதற்காக ஆசிரியர் கொடுத்திருக்கக்கூடிய பயிற்சியையே தொடக்க வரியாக வைத்து, அந்தச் சித்திரத்தை எழுதியிருக்கிறார். வெறுத்த தொழிலிலிருந்தே ஒரு பூவைப் பறித்துவிட்டார்! மூன்றாவது சித்திரம் நாடகப் பித்துள்ள நண்பர் ஒருவருடையது. மேடையில் கிழவராக நடிக்கும்போது அவருடைய தடித்த குரல் திடீரென்று கீச்சென்று உயர்ந்துவிடுமாம். அந்தக் குரலின் சிடுசிடுப்பைக் காட்ட எல்கார் யாரை அழைத்தார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். பாஸூனைத்தான்.

அடுத்த ஆண்டு பர்மிங்காம் இசைவிழாவுக்கு ஒரு பெரிய படைப்பு வேண்டும் என்று கேட்டார்கள். எல்கார் எடுத்துக்கொண்டது கர்தினால் நியூமன் 1865இல் எழுதிய ‘ஜெரோன்ஷியஸின் கனவு’ என்னும் நெடுங்கவிதையை. சாகும் தறுவாயிலுள்ள முதியவர் ஒருவரின் ஆன்மா, காவல் சம்மனசின் துணையோடு இறைவன் திருமுன் சென்று, பின் உத்தரிக்கும் ஸ்தலத்தில் இறங்குவதைச் சொல்லும் கவிதை அது. அதன் பிரதி ஒன்றைத் திருமணப் பரிசாகக் கொடுத்தவர் ஊஸ்டர் ஆலயக் குருவானவர். நியூமன் 2019இல் புனிதர் பட்டம் பெற்றதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் 1900இல் இங்கிலாந்தின் பெரிய விழா ஒன்றில் உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பாடுவது என்பது நெருப்போடு விளையாடுவதுபோல. எல்கார் தம் உள்ளத்தில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டினார்.

நேர்ந்ததோ பெரும் விபத்து. பாடகர் குழுவைப் பயிற்றுவித்தவர் ஜூன் மாதம் இறந்துபோனார். ஓய்வுபெற்றிருந்த முதியவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். அச்சிட்ட தாள்கள் தாமதமாக வந்தன. நடத்துநர் ரிக்டருக்கே முழுப் பிரதி கடைசி நேரத்தில்தான் கிடைத்தது. 1900 அக்டோபர் 3ஆம் நாள், பாடகர் குழு சுருதி இறங்கித் தடுமாறியது. கேட்டிருந்த சிலர் இது மகத்தான படைப்பு என்று உணர்ந்தார்கள். ஆனால் எல்காரின் நெஞ்சு உடைந்துவிட்டது. கடவுள் கலைக்கு எதிரானவர் என்றும், ஒருமுறை திறந்த தம் இதயத்தை இனிப் பக்தி உணர்வுகளுக்கெல்லாம் மூடிவிட்டதாகவும் நண்பருக்குக் கசப்போடு கடிதம் எழுதினார்.

அந்தக் கதவு பிறகு முழுதும் திறந்ததா? அப்போஸ்தலர்களைப் பற்றி இரண்டு பெரிய பாடல் நாடகங்களை 1903இலும் 1906இலும் தந்தார். மூன்றாவதை எழுதி முடிக்கவேயில்லை. முதுமையில் அவர் ஆலயத்துக்குப் போவது அருகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக மக்களைக் கண்ணீர்விட்டு மன்றாட வைத்த இசையை எழுதியவர் தாம் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றது நம்மைத் துயரத்தில் ஆழ்த்துகிறது. ஆனால் அவர் நெஞ்சை அளக்க நாம் யார்?

‘ஜெரோன்ஷியஸ்’ என்னவோ பிழைத்துக்கொண்டது. 1901 டிசம்பரிலும் மறுபடி 1902 மே மாதத்திலும் ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகரில் அது நன்கு பாடப்பட்டு வெற்றி கண்டது. 1902இல் ஊஸ்டர் பேராலயத்தில் பாடியபோது, ஆங்கிலிக்கப் பேராலயமாகையால் தேவமாதாவையும் புனிதர்களையும் வேண்டும் சொற்களை மாற்றவேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். 1903 ஜூனில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஒரு சொல்லும் மாறாமல் ஒலித்தது.

பட்டங்கள் வரிசையாக வந்தன. 1904இல் ‘சர்’. 1905இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ என்னும் அவருடைய அணிவகுப்பு இசை அங்கே வாசிக்கப்பட்டது. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் அதுவே ஒலிக்கிறது. அதே ஆண்டு பர்மிங்காம் பல்கலைக்கழகம் அவரை இசைப் பேராசிரியராக்கியது. செல்வந்தர் ஒருவர் எல்கார் ஏற்பதானால் மட்டுமே தருவேன் என்று 10,000 பவுன் நன்கொடை வைத்ததால் மறுக்க முடியவில்லை. கல்லூரி வாசலையே மிதியாதவர் பேராசிரியர்! ஆனால் ஆங்கிலேய இசையைப் பற்றி மனத்தில் பட்டதைப் பேசிப் பகையைத் தேடிக்கொண்டு 1908இல் விலகிவிட்டார். கற்பிப்பது அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை.

1905 செப்டம்பர் 12ஆம் நாளை மட்டும் சற்று நின்று பார்ப்போம். ஊஸ்டர் நகரம் தன் உயரிய கௌரவத்தை எல்காருக்கு அளித்தது. அதை அளித்த நகரத் தலைவர் யார் தெரியுமா? கொட்டகையில் புல்லாங்குழல் வாசித்த ஹியூபர்ட் லெஸ்டர்! இவரும் கத்தோலிக்கரே. யேல் பல்கலைக்கழக அங்கியோடு எல்கார் ஊர்வலத்தில் நடந்துவந்தார். கடைவீதியில் பழைய கடைக்கு எதிரே வந்ததும் தலையை உயர்த்தி மாடி ஜன்னலைப் பார்த்து வணங்கினார். இறங்கிவர இயலாத முதிய தந்தை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டே அவர் காலமானார்.

1908இல் வெளிவந்த முதல் சிம்பொனி ஓராண்டுக்குள் உலகெங்கும் ஏறத்தாழ நூறு முறை வாசிக்கப்பட்டது. 1910இல் வயலின் கச்சேரி இசை வந்தது. அதை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், புகழின் உச்சியில், ஆறு நிமிடம்கூட முழுதாக ஓடாத சிறு படைப்பு ஒன்றையும் எழுதினார். பாஸூனுக்கும் இசைக்குழுவுக்குமான ‘ரொமான்ஸ்’ அது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் முதல் பாஸூன்காரரான எட்வின் ஜேம்ஸுக்காக எழுதியது. 1911 பிப்ரவரி 16ஆம் நாள் ஹெரஃபோர்டில் ஜேம்ஸ் வாசிக்க, எல்காரே நடத்தினார். அந்நாளில் பலர் பாஸூனை இசைக்குழுவின் கோமாளியாகவே கருதினார்கள். எல்காரின் சிறு படைப்பில் சிரிப்புக்கு இடமே இல்லை. நீண்ட நாள் பேசாதிருந்த ஒருவர் தாழ்ந்த குரலில் மனம் திறப்பதுபோல் அது பாடுகிறது. விரைவு வேலைகளும் இல்லை. எங்கே மூச்சு வாங்கவேண்டும், எந்தச் சுரம் அந்த மரத்தில் இனிக்கும் என்று ஊதிப் பார்த்த ஒருவருக்கே இப்படி எழுதவரும்.

முதல் உலகப்போர் அவரைச் சோர்வுறச் செய்தது. 1918இல் சஸ்ஸெக்ஸ் காட்டோரக் குடிசை ஒன்றில் ஆலிஸோடு தங்கி, சிறு குழுக்களுக்கான இசைக்கு மீண்டார்: வயலினுக்கும் பியானோவுக்கும் ஒன்று, நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஒன்று, பியானோவோடு ஐந்து பேருக்கு ஒன்று. அதையடுத்து 1919இல் செல்லோ கச்சேரி இசை. அவ்வளவுதான். 1920 ஏப்ரல் 7ஆம் நாள் ஆலிஸ் காலமானார். லிட்டில் மால்வெர்னில் புனித உல்ஸ்டன் ஆலயத்தில் நல்லடக்கம் நடந்தபோது, அந்த நால்வர் இசையிலிருந்து மெதுவான பகுதியை வாசித்தார்கள். கோடு போட்டுக் கொடுத்த கை ஓய்ந்ததும் எழுதும் கையும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. நாய்களோடும் ரசாயன சோதனைகளோடும் குதிரைப் பந்தயத்தோடும் பொழுதைப் போக்கினார். இசைத்தட்டுகள்மேல் மட்டும் தீராத ஆர்வம். 1932இல் 16 வயதுச் சிறுவர் யெஹுதி மெனுகின் வாசிக்க, தம் வயலின் கச்சேரி இசையை 75 வயது எல்கார் நடத்திப் பதிவு செய்தது இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

1930இல் பித்தளை வாத்தியக் குழுக்களின் போட்டிக்கென்று ஓர் இசைத்தொடர் கேட்டார்கள். ‘செவர்ன் தொடர்’ என்று தம் ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதில் ஒரு நடனப்பகுதிக்குப் புதிதாக எழுதாமல் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், கடைக்குப் பின்னால், ஐந்து பேர் வாசிக்க எழுதிய இசை அது.

1934 ஜனவரியில் அவர் நோய்ப் படுக்கையில் இருந்தார். ஊஸ்டரிலுள்ள அவர் படுக்கையறைக்கும் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் தொலைபேசிக் கம்பி இணைத்தார்கள். குழு அங்கே வாசித்தது. எல்கார் இங்கே படுத்தபடி கேட்டுத் திருத்தங்கள் சொன்னார். பிப்ரவரி 23ஆம் நாள் உயிர் பிரிந்தது. புனித உல்ஸ்டன் ஆலயக் கல்லறையில், ஆலிஸின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். கொட்டகையில் எழுதிய ஐவர் இசை அதன்பின்னும் பல்லாண்டுகள் கையெழுத்திலேயே கிடந்து, பிறகு அச்சேறியது. காற்று வாத்தியம் பயிலும் பிள்ளைகள் இப்போது அதை வாசிக்கிறார்கள். இரண்டு புல்லாங்குழல், ஒரு ஓபோ, ஒரு கிளாரினெட், அடியில் ஒரு பாஸூன்.